மூன்றாவது நட்டு

ஜூன் 11, செவ்வாய்

எடை: போகும்போது 53.2, வரும்போது 50.9. நேற்றுக் குடித்த தண்ணீர்: 650 மில்லி. மற்றவை: வரும் வழியில் தலைவலி.

இந்த நோட்டை டயாலிசிஸ் பிரிவில் சிஸ்டர் பிரிசில்லா இன்று கொடுத்தார். நோயாளியின் எடை, தண்ணீர் அளவு, ரத்த அழுத்தம், கடைசியில் "மற்றவை" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஓரிரண்டு வார்த்தை எழுதினால் போதுமாம். முப்பத்தோரு வருஷம் உப்பளத்துப் பம்ப் ஹவுஸில் லாக் புக் எழுதியவனிடம் இப்படியா சொல்வது? முதல் நாளே கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.

பம்ப் ஹவுஸில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. எழுதியதை அழிக்கக் கூடாது, கிறுக்கவும் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து. பழையதும் கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும். இந்த நோட்டையும் அப்படியே நடத்துவதாக உத்தேசம்.

நோயாளி என் மனைவி ஞானப்பூ, வயது அறுபத்திரண்டு. செவ்வாயும் வெள்ளியும் ஆறுமுகனேரியிலிருந்து தூத்துக்குடிக்கு என் பழைய வெள்ளைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு நடைக்கு ஐம்பது நிமிஷம். ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் ஷீபா, "அறுபத்தெட்டு வயசுல எதுக்குப்பா இந்த ஓட்டம், டாக்ஸி வச்சிக்கோங்க" என்கிறாள். ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கட்டி மேய்த்தவனுக்கு டாக்ஸியா?

ஜூன் 14, வெள்ளி

எடை: 53.0, 51.0. மற்றவை: தலைவலி, வாந்தி.

முக்காணிப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள். உள்ளே போயிருந்ததே இரண்டு இட்லிதான், அதுவும் போயிற்று. ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள், ஆள் வீட்டுக்கு வரும்போது கசக்கிப் போட்ட துணி மாதிரி வருகிறாள்.

டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்கு ஒரே குளிர். ஜூன் மாதத்துக் காற்றும் உப்பளத்துத் தூசியும் வேறு. அதனால் வரும்போது கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிடுவேன். என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் கைப்பிடி உடைந்து இரண்டு விரற்கடை திறந்தே கிடக்கிறது. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் ஒடுங்கிக்கொள்வாள்.

"அத்தான், கால்மாட்டுல மட்டும் கதகதன்னு இருக்கு. அது ஒண்ணுதான் எனக்கு சொகம்" என்றாள் இன்று. என் வண்டியில் ஹீட்டர் கிடையாது. எஞ்சின் சூடு என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் என் காரைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவள் குரல் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே போகிறது. சிறுநீரகம் கெட்டால் குரலும் போகுமா என்று சிஸ்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

எடை: 53.4, 51.1. மற்றவை: ஒன்றுமில்லை.

காலையில் பேட்டரி படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் டாக்ஸி. டிரைவர் வழியெல்லாம் தன் மச்சினன் கல்யாணக் கதையைச் சொன்னான். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஞானப்பூ விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆச்சரியம், வரும்போது தலைவலி இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தோசை சாப்பிட்டாள், பக்கத்து வீட்டில் போய் அரை மணி நேரம் வம்பளந்துவிட்டு வந்தாள். இன்று அவளைப் புது மெஷினில் போட்டார்கள். அதுதான் காரணம். மெஷின் விஷயத்தில் எனக்குத் தெரியும், ஒன்று போல் ஒன்று இருக்காது.

ஜூன் 21, வெள்ளி

எடை: 53.1, 50.8. மற்றவை: தலைவலி, வாந்தி, கண்ணைத் திறக்க முடியவில்லை.

புது பேட்டரி போட்டாயிற்று. நம் காரிலேயே போனோம். அதே புது மெஷினைச் சண்டை போட்டுக் கேட்டு வாங்கினேன். பலன் பூஜ்யம். பழையகாயலைத் தாண்டும்போதே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டரிடம் குரல் விஷயத்தைக் கேட்டேன். "அம்மா நல்லா சத்தமாத்தானே பேசுறாங்க சார்?" என்றார். என்னைப் பார்த்து ஏன் அப்படிக் கத்திச் சொன்னார் என்று தெரியவில்லை.

வந்தபின் எனக்கும் லேசாகத் தலை கனத்தது. மத்தியானம் காபி குடிக்காததுதான்.

ஜூன் 23, ஞாயிறு

தண்ணீர்: 600 மில்லி.

ஆராதனை முடிந்து வந்ததும் காரைக் கழுவினேன். ஞாயிறு தவறாமல் கழுவுவேன். மேலே மட்டும் பளபளப்பாக்கிவிட்டு அடியைக் கவனிக்காதவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸை அடியில் விட்டு, சைலன்சர், பாடி, வீல் என்று இண்டு இடுக்கெல்லாம் பீய்ச்சி அடித்தேன். இருபது நிமிஷம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. திருப்தியாக இருந்தது.

ஞானப்பூ ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். மோட்டார் ஓடியதில் கேட்கவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, கார் ரொம்ப சத்தம் போடுதே, பாக்கக் கூடாதா?" என்றாள். சத்தமா? எனக்குத் தெரியாத சத்தமா?

ஜூன் 25, செவ்வாய்

எடை: 53.3, 51.0. மற்றவை: இதுவரை வந்ததிலேயே மோசம்.

வீட்டு வாசலில் இறங்கவே முடியவில்லை. கைத்தாங்கலாகக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னாள்.

"போதும் அத்தான். ஊசி குத்துதத தாங்கிக்கிடுவேன். நாலு மணி நேரம் அசையாம கெடக்கதயும் தாங்கிக்கிடுவேன். அது முடிஞ்சி வாற இந்தத் தலவலிய என்னால தாங்க முடியல. இப்பிடி வாரத்துக்கு ரெண்டு மட்டம் சாவதுக்கு ஒரேயடியா போயிரலாம்."

கோபத்தில் சொல்கிறாள், விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

வரமாட்டேன் என்றால் வரமாட்டேன்தான். கெஞ்சினேன். திட்டினேன். ஷீபா போனில் அழுதாள். "நீயும் ஒரு நாள் வந்து இந்தத் தலையோட இருந்து பாரு, அப்பறம் சொல்லு" என்று மகளுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். டாக்ஸியில் போகலாமா என்றும் கேட்டேன், என் வாயால். "எதுல போனா என்ன, போற எடம் அதுதானே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் சும்மா இருப்பது என்னவோபோல் இருந்தது. புது பேட்டரி ஏறட்டும் என்று காரை ஸ்டார்ட் செய்து வாசலில் ஓடவிட்டேன்.

ஜூன் 29, சனி

தண்ணீர்: 500 மில்லி. கால் லேசாக வீங்கியிருக்கிறது. மற்றவை: எழுத ஒன்றுமில்லை.

மெக்கானிக் சுடலைமணி வந்துவிட்டுப் போனான்.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. கார் கழுவவில்லை.

சுடலைமணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறான். பேட்டரி போட்டவன் அவன்தான். நேற்றுக் காலையும் வாசலில் காரை ஓடவிட்டிருந்தேன். அதைப் பார்த்து பைக்கை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, சைலன்சர் இந்த ஊது ஊதுது, ஒங்களுக்குக் கேக்கலியா?"

காற்று எதிர்த்திசையில் அடித்தது, கேட்கவில்லை என்றேன். அவன் மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்தான். எஞ்சினிலிருந்து புகையை இறக்கும் முன்குழாய் துருப்பிடித்து வெடித்திருக்கிறது. குழாயை எஞ்சினோடு சேர்க்கும் இடத்தில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டே இல்லை, தின்றுபோய்விட்டது. அத்தோடு விடவில்லை. முன்சீட்டின் ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினான். கால் வைக்கும் இடத்தில் தகரம் அரித்து, பழைய ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத் தரை தெரிந்தது.

"எந்தத் தண்ணில கழுவுதிய?"

"போர் தண்ணி."

"இந்த ஊர் போர் தண்ணியிலயா? அது கடல்தண்ணில பாதி உப்பு இருக்குமே அண்ணாச்சி. அடியில பீச்சி அடிச்சா அரிக்காம என்ன செய்யும்?" என்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான். "முன்சீட்டுல யாரு உக்காருவா? கண்ணாடிய ஏத்திட்டா பொக பூரா உள்ளதான வரும். தலவலி, வாந்தி ஒண்ணும் இல்லியா?"

நான் விரிப்பை இழுத்து ஓட்டையை மூடினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வீட்டில் சொல்லிவிடாதே என்றேன். புதுக் குழாய் வாங்கித் தரச் சொன்னேன், வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதலில் சரிசெய்துவிடுகிறேன். அப்புறம் எப்படியாவது ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும். தலைவலி வராது. வராவிட்டால் அவளே தொடர்ந்து வருவாள். எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. நோயாளிக்கு மன உளைச்சல் தரும் செய்திகளைத் தவிர்க்கவும் என்று இந்த நோட்டின் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

ஜூலை 1, திங்கள்

தண்ணீர்: 400 மில்லி. எடை 55.

குழாயை எஞ்சினோடு பிடித்திருப்பது மூன்று நட்டு. அவ்வளவுதான். மூன்றும் துருவேறி எது நட்டு எது போல்ட்டு என்று தெரியாமல் ஒரே கட்டியாக இருக்கின்றன. முன்சக்கரங்களைக் கல்மேல் ஏற்றி, சாக்கை விரித்து அடியில் படுத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு எண்ணெய் அடித்து, காத்திருந்து, மறுபடி அடித்து, சுத்தியலால் பொட்டுப் பொட்டென்று தட்டினேன். துருவேறிய நட்டை எடுத்ததும் கழற்றப் பார்க்கக் கூடாது. முதலில் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும். அதில் துரு விண்டுகொடுத்தால்தான் திரும்பி வரும். அவசரப்பட்டால் போல்ட்டே முறிந்து கையோடு வந்துவிடும்.

எண்ணெய்க்கு மசியவில்லை. சுடலைமணியின் கேஸ் டார்ச்சை வாங்கி நட்டைச் சிவக்கக் காய்ச்சி, கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை அதில் தொட்டேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும், எண்ணெய் போகாத இடத்துக்கும் போகும். வீட்டில் இருந்தது போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் கையில் கொடுத்த மெழுகுவர்த்தி. ஞானப்பூ பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அவளிடம் கேட்காமல் எடுத்தேன்.

சாயங்காலம் நாலரைக்கு முதல் நட்டு கிறீச்சென்று அசைந்தது. கையில் உணர்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உள்ளே ஓடிப்போய் அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். எதைச் சொல்வது?

ஜூலை 2, செவ்வாய்

இரண்டாவது தடவையும் போகவில்லை. சிஸ்டர் பிரிசில்லா போன் செய்தார். "சார், ரெண்டு தடவ விட்டா தண்ணி நெஞ்சுல ஏறிரும். எப்படியாச்சும் கூட்டிட்டு வாங்க." அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றேன். அதில் பொய் இல்லை.

இரண்டாவது நட்டு பதினொரு மணிக்கு வந்துவிட்டது.

ஞானப்பூவுக்கு இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. "என்னத்தப் போட்டு அடிச்சிக்கிட்டே கெடக்கிய அத்தான், வெயில்ல?" என்றாள். சைலன்சர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றேன்.

ஜூலை 3, புதன்

மூன்றாவது நட்டு எஞ்சினுக்குப் பின்பக்கம், கை போகாத இடத்தில் இருக்கிறது. ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளம் கொடுத்து முழு பலத்தையும் போட்டேன். ஸ்பானர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. இனி எந்த ஸ்பானரும் பிடிக்காது. முழங்கை தோல் உரிந்துவிட்டது.

சுடலைமணி கிரைண்டரோடு வந்தான். "வெட்டி எடுத்துருவோம் அண்ணாச்சி, பத்து நிமிச வேல. மயினியப் பாத்தேன், மூச்சு வாங்குதே. சொல்லிட்டியளா?" என்றான். வெட்டினால் போல்ட்டும் போகும், நாளைக்கு ஒரு நாள் பொறு, நானே எடுத்துவிடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் முழுக்க காருக்கு அடியில் படுத்திருந்தேன். வேலை எதுவும் செய்யவில்லை. அங்கே இருந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். லாக் புக்கில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

எடை பார்க்கவில்லை. அவளால் நிற்க முடியவில்லை.

காலையில் கஞ்சி கொடுக்கப் போனேன். உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். உனக்கு வந்த தலைவலி டயாலிசிஸால் இல்லை. என் காரின் புகை உன் கால்மாட்டு ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி நான்தான் ஓட்டை போட்டேன். சத்தம் போடுகிறது என்று நீ சொன்னாய். எனக்குக் காது கேட்பதில்லை ஞானப்பூ. ரொம்ப நாளாகவே கேட்பதில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எப்பத் தெரியும்?"

"சனிக்கெழம."

விரலை மடக்கி எண்ணினாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மூச்சு.

"அஞ்சு நாளு அதுக்கு அடியிலயே கெடந்தியள. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா வந்திருப்பேனே அத்தான்."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. டாக்ஸி வந்தது. நான் வெட்கங்கெட்டுப்போய் அழுதேன்.

ஜூலை 5, வெள்ளி

ஐ.சி.யு. உள்ளே விடவில்லை.

ஜூலை 6, சனி

மூன்று தடவை டயாலிசிஸ் செய்து நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுத்துவிட்டார்கள். மூச்சு சீரானது. ஷீபா ஓசூரிலிருந்து வந்துவிட்டாள்.

டாக்டரிடம் புகை விஷயத்தை நானே சொன்னேன், ஷீபா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில். "இவங்களுக்கு ஏற்கனவே ரத்தம் கம்மி. அந்தப் புகை மத்தவங்களை அடிக்கிறதவிட இவங்களை அதிகமா அடிச்சிருக்கும்" என்றார். "அது சரியாயிடும். ஆனா போன வாரம் விட்ட டயாலிசிஸ் இதயத்தை ரொம்ப சோர வச்சிருக்கு. அது பழைய நிலைக்கு வருமான்னு சொல்ல முடியாது." புகை ஒன்று, போன வாரம் இன்னொன்று என்று அவர் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னது என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 13, சனி

வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. நேற்று டயாலிசிஸுக்கு டாக்ஸியில் போய்வந்தோம். ஷீபா லீவு முடிந்து போய்விட்டாள். போகும்போது அம்மாவிடம், "இனிமே பிடிவாதம் பிடிச்சே, நான் இங்கயே வந்து ஒக்காந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞானப்பூ என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஷீபாவின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

இன்று சுடலைமணி கிரைண்டரோடு வந்தான். தானும் பார்க்க வேண்டும் என்று ஞானப்பூ நாற்காலி கேட்டாள். வேப்பமர நிழலில் போட்டு உட்காரவைத்தேன். பொறி பறந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மூன்றாவது நட்டு இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இம்புட்டுதானா?" என்றாள்.

ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். சூடாக இருந்திருக்கும், கீழே போட்டுவிட்டாள்.

புதுக் குழாய், புது கேஸ்கெட், ஓட்டைக்குத் தகரம் வைத்து வெல்டிங். எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

எடை: 51.8, 50.2. மற்றவை: தலைவலி இல்லை.

நம் காரில்தான் போவேன் என்று அவளே சொன்னாள். வரும்போது குளிருக்குக் கண்ணாடியை ஏற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பக்கத்தில் கொஞ்சம் இறக்கியும் வைத்தேன். முக்காணி தாண்டியது. கண்ணை மூடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். "சத்தமே இல்ல அத்தான் வண்டில" என்றாள். எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வீடு நெருங்கும்போது, "கால்தான் சில்லுன்னு கெடக்கு. பழைய பொகைய கொஞ்சமா விடுங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் அப்போது ஷீபாவிடம் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சொல்லணும்னா சொல்லுங்க. எனக்காவ சொல்லாதிய, ஒங்களுக்காவ சொல்லுங்க."

ஜூலை 19, வெள்ளி

எடை: 51.5, 50.1. தலைவலி இல்லை.

ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி அவள் காலடியில் வைத்தேன். ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடையில் தெர்மாஸ் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வைத்திருந்தேன். "இத முந்தியே செஞ்சிருக்கலாமே" என்றாள். அதைக் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, தெரியவில்லை.

ஷீபாவுக்குப் போன் போட்டேன். மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

டயாலிசிஸ் நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி பாதியில் நிறுத்திவிட்டார்கள். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறாள். தலைவலி மட்டும் இல்லை.

ஜூலை 27, சனி

ஞானப்பூ காலை ஆறு பத்துக்குப் போய்விட்டாள். கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்டாள். நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டாளோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஷீபாதான் பதில் சொல்கிறாள். "ஒரு வாரம் டயாலிசிஸுக்குப் போவமாட்டேன்னு அடம் பிடிச்சாங்க. அதுலதான் ஹார்ட் போச்சு. அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாங்க." என் தங்கை, "அவ எப்பவுமே சொன்னத செய்ய மாட்டாளே" என்று மூக்கைச் சிந்தினாள். ஆராதனை நடத்தும் சபை ஐயர் என் தோளைப் பிடித்து, நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டீர்கள் என்றார்.

நான் தலையை ஆட்டினேன். எல்லாருக்கும் ஆட்டினேன். சுடலைமணி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுத எடை இல்லை, தண்ணீர் இல்லை.

காலையில் பழக்கதோஷத்தில் ஏழு மணிக்குக் கார் சாவியை எடுத்துவிட்டேன். ஷீபா பார்த்துவிட்டாள். "அப்பா, எங்க போறீங்க?" என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள். காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறாள். போகலாம் என்றேன்.

பீரோவை ஒழிக்கும்போது ஞானப்பூவின் பைபிளுக்குள் பாதி எரிந்த கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். "அம்மா இத ஏன் எடுத்து வச்சிருக்காங்க, இவ்வளவு கரியா இருக்கே?" என்றாள். நான் காருக்கடியில் போட்டுவிட்டு வந்ததை ஞானப்பூவே தேடி எடுத்து வைத்திருக்கிறாள். எப்போது எடுத்தாளோ, மூச்சு வாங்கும் உடம்போடு எப்படிக் குனிந்தாளோ.

"கடைசிவரைக்கும் அம்மாவுக்குத் தன் பிடிவாதம்தான்" என்று சொல்லி ஷீபா அழுதாள். ஒரு வாரமாக அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, ஞானப்பூவின் தலையில் என் பாவத்தை ஏற்றிவைத்துவிட்டு, நான் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேனே என்றவளைப் பிடிவாதக்காரி என்று ஊரே சொல்கிறது. அவள் வீட்டில் அவளுக்காகப் பேச ஆள் இல்லை.

ஷீபா குளிக்கப் போயிருக்கிறாள். இந்த நோட்டைப் பின்னுக்குத் திருப்பி ஜூன் 29ஆம் தேதிக்கு வந்தேன். "எழுத ஒன்றுமில்லை" என்று என் கையால் எழுதியிருந்தேன். அதன்மேல் ஒரு கோடு போட்டேன். பழையது கீழே நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் எழுதினேன்:

"காரின் புகைதான் ஞானப்பூவின் தலைவலிக்குக் காரணம் என்று இன்று காலை பத்து மணிக்குத் தெரிந்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை."

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். குளியலறைக் கதவு திறக்கிறது. இதை அவள் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். இந்தத் தடவை எங்கேயும் போய்ப் படுத்துக்கொள்ள மாட்டேன்.